கட்டுரையாளர்: லாரி மெக்கானிக்

நாள் முழுக்க லாரிக்கு அடியில் கிடக்கும் மெக்கானிக்குக்கு, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு அரைமணி நேரம் விறைப்பாக நின்றதில் இடுப்பு விட்டுப்போனது. கருத்தரங்கு வாசலில் மனைவி அவன் காலரைச் சரிசெய்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"மூட்டை தூக்குறவங்களோட கீழ்முதுகுல... அப்புறம் என்னடி?"

"தேய்மானம். தினம் உங்க வாயில வர்ற வார்த்தைதானே."

"அது கிளட்சுக்கு வரும்."

மூன்று வருஷம் கூலிக்காரர்களின் முதுகை அளந்து அவள் எழுதிய கட்டுரை அது. இந்தக் கருத்தரங்கை நடத்துபவர்களிடமிருந்தே மூன்று முறை திரும்பி வந்தது. 'உடலுழைப்பைப் பற்றிப் பெண் ஒருவர் முடிவு சொல்வது அவசரம்' என்றது மதிப்பீட்டாளரின் கடைசிக் கடிதம். அவளுடைய அப்பா மூட்டை தூக்கியே கூன் விழுந்தவர். கட்டுரை வெளிவராவிட்டால் கல்லூரி வேலையும் நிலைக்காது. வந்த கோபத்தில் தன் பெயருக்கு முன்னால் புருஷன் பெயரைப் போட்டு அனுப்பினாள்.

பத்தே நாளில், ஒரு கமாகூட மாறாமல், 'துணிச்சலான ஆய்வு' என்று ஏற்றுக்கொண்டார்கள். ஐயா வந்து பேச வேண்டும் என்றார்கள். ஐயாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, மனைவி பேசுவாள் என்று பதில் போனது. தொண்டை தேறட்டும் என்று கடைசி நாளுக்கு மாற்றி, அதைச் சிறப்புரையாகவும் ஆக்கிவிட்டார்கள்.

மேடையில் மனப்பாடம் பாதியில் நின்றது. மெக்கானிக் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

"ஓவர்லோடு ஏத்தினா வண்டி அன்னிக்கே உட்காராதுங்க. அடியில பாரம் தாங்குற ஸ்பிரிங் பட்டை உள்ளுக்குள்ள விரிசல் விடும். ரொம்ப நாள் கழிச்சுதான் தெரியும். மனுஷனும் அப்படித்தான்."

கைதட்டல் அடங்கவில்லை. தலைமைப் பேராசிரியர் மைக்கைப் பிடித்து, இனி இவரும் மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர் என்று அறிவித்தார். கீழே இறங்கியதும், மதிப்பிடச் சொல்லி ஒரு கட்டுரைக் கோப்பைக் கையில் திணித்தார். மேலே யாரோ ஒரு பெண்ணின் பெயர். மெக்கானிக் அதைத் திருப்பி நீட்டினான்.

"ஐயா, நான் லாரி மெக்கானிக். அந்தக் கட்டுரை முழுக்க இவ எழுதினது. அடுத்தவங்க உழைப்பைப் படிச்சுத் தீர்ப்பு சொல்ல எனக்குத் தெரியாது."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். வேலை போனதுதான்.

பேராசிரியர், தன் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நின்ற தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கோப்பை மெக்கானிக்கிடமிருந்து வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"இவரும் படிக்கிறதில்ல தம்பி. முப்பது வருஷமா இவர் பேர்ல நான்தான் மதிப்பீடு எழுதுறேன்," என்றவள் கட்டுரை எழுதியவளின் பக்கம் திரும்பினாள். "உன்னை மூணு தடவை திருப்பி அனுப்பினதும் நான்தாம்மா. உன்கிட்ட நான் கேக்க வேண்டிய மன்னிப்பு ஒண்ணு பாக்கி இருக்கு."