லிஃப்டை ஏலம் விட்ட ஆயா

எர்ணாவூரில் ஏலக்கார ஆயாவிடம் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர் ஒருவரும் கிடையாது. துறைமுகத்தில் கிளியரிங் குமாஸ்தாவாக இருந்து, அதிகாரிகளோடு மல்லுக்கட்டியே தலை நரைத்த எனக்கே அவர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவர். கடலோரக் குடிசைகளை எடுத்துவிட்டு எங்களுக்கெல்லாம் இங்கே அடுக்குமாடி வீடு கொடுத்தபோது அவரும் வந்தார். மீன்தான் போனது, குரல் போகவில்லை. அந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குடியிருப்பில் இருந்த மற்ற ஆயாக்களைக் கூட்டி, சாயங்காலங்களில் தண்ணீர்த் தொட்டி அருகே ஏலம் விட ஆரம்பித்தார். ஏலப் பொருள், யார் வீட்டில் என்ன கஷ்டமோ அது.

“மேரி பிரசவத்துக்குப் போயிகீது. அது புள்ளைய ஸ்கூலுக்கு இட்டுகினு போவணும். யாரு?”

“காலைல நான் போறேன்.”

“காலைல மட்டுந்தானா? மேல கேளு, மேல கேளு!”

“சாயந்தரமும் நானே இட்டாறேன்!” என்று இன்னொரு ஆயா ரோஷத்தோடு முந்துவார்.

“ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!” கையைத் தட்டினால் முடிந்தது. மாற்றமே கிடையாது.

அந்தப் பக்கம் போகும் ஆண்கள் தலையைச் சொறியக்கூடப் பயப்படுவோம். ஒருநாள் நான் கொசு அடிக்கக் கையைத் தூக்கிவிட்டேன். ஒரு தாத்தாவைக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துப்போகும் பொறுப்பு என் பெயருக்கு முடிந்தது.

“ஆயா, நான் கொசுவத்தான் அடிச்சேன்.”

“கொசுவ அடிச்ச கையாலயே தாத்தாவையும் புடிச்சிகினு போ நைனா.”

போனேன்.

மழைக்காலத்தில் எங்கள் லிஃப்ட் நின்றுபோனது. எல்லோருக்கும் பேஜாருதான். ஏழாவது மாடி செல்விக்கு அது உயிர் விஷயம். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர், துறைமுக வரிசையில் நின்றால் எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு சின்னப் பிள்ளைகள். பக்கத்து வீட்டுப் பையன்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்குவார்கள். ஒருநாள் அவர்கள் எல்லோருக்கும் கம்பெனி ஷிப்ட். தனியாக இறங்கப் பார்த்த செல்வி, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். எப்படியோ மேலே ஏற்றினோம்.

“இனிமே நான் போவல ஆயா. புள்ளைங்கள மட்டும் நீங்க பாத்துக்கோங்க” என்றாள்.

ஆயா சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கால்களைப் பிடித்துவிட்டார். பிறகு, “புள்ளைங்களப் பாக்கத்தான் நீ கீறியே” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாள் ஆயாக்கள் படை குடியிருப்பு வாரிய அலுவலகத்துக்குப் போய், செல்வியின் டயாலிசிஸைப் பற்றிச் சொன்னது.

“பார்ட்ஸ் வரணும் பாட்டி. ஒரு மாசம் ஆகும்” என்றார் இன்ஜினீயர்.

“நீ வந்து பாத்தியா நைனா?”

தொல்லை விட்டால் போதுமென்று வந்தார். கீழே பொத்தானை அழுத்திப் பார்த்து, “ஆமா, ஓடல” என்று கண்டுபிடித்துவிட்டுக் கிளம்பினார்.

“ஒரு டீ குட்ச்சிட்டுப் போ நைனா” என்று ஆயா கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு மாடியிலும் ஓர் ஆயா நின்றுகொண்டு, “டீ மேல கீது சார்” என்று வழிகாட்டினார். ஏழாவது மாடியில் சட்டை ஒட்டிப்போய், பேச்சு வராமல் சுவரைப் பிடித்து நின்றவருக்கு, டீக்கு முன்னால் செல்விதான் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் குடிக்கிற தண்ணீருக்கு டாக்டர் அளவு வைத்திருந்தார். இன்ஜினீயருக்குச் செம்பு நிறையக் கொடுத்தாள்.

குடித்து முடித்து அவளைப் பார்த்தார். “நீங்க… வாரத்துக்கு ரெண்டு தடவையா?”

“ஆமா சார்.”

“சரி, இருவது நாள்ல…”

“இருவது நாளு!” ஆயாவின் குரல் மாடிப்படி முழுக்க அதிர்ந்தது. “சார் கேக்குறாரு இருவது நாளு! கொறைச்சிக் கேளு!”

“பத்து நாளு!” என்றது ஆறாவது மாடி.

“ஒரு வாரம்!” என்றது நாலாவது.

“பாட்டி, இதுல போயி ஏலமா?” என்று தவித்தார் அவர்.

“செவ்வாக்கெழம எனக்கு ஆஸ்பத்திரி சார்” என்றாள் செல்வி.

இன்ஜினீயர் செம்பைக் கீழே வைத்தார்.

“திங்கக்கெழமைக்குள்ள போட்டுடறேன்.”

“ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!”

திங்கட்கிழமை பார்ட்ஸ் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை இன்ஜினீயர் வந்தார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாடி ஏறி, பையன்களோடு சேர்ந்து செல்வியின் நாற்காலியை ஒரு பக்கம் பிடித்துக் கீழே இறக்கினார். புதன்கிழமை லிஃப்ட் ஓடியது. அதற்குப் பிறகு செல்வி இன்றுவரை ஒரு டயாலிசிஸையும் விடவில்லை.

ஆயா மட்டும் அதில் ஏற மாட்டார். “பொட்டிக்குள்ள போட்டு மூடுறானுங்க, மூச்சு முட்டுது” என்று ஐந்தாவது மாடியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறுகிறார். வழியில் பார்த்தால் நானும் பையை வாங்கிக்கொண்டு கூடவே ஏறுவேன்.

“லிப்டு கீதே, நீ இன்னாத்துக்குப் படில வர்ற?”

“உடம்புக்கு நல்லது ஆயா” என்பேன். என் வீடு இரண்டாவது மாடியில். முட்டி வலி வேறு. இரண்டையும் நான் சொல்வதில்லை.