நாற்பத்திரண்டு இராச் சாப்பாடும் ஒரு பனித்தள்ளியும்

ஹால்வர் பே, மினசோட்டா
ஜனவரி 17

அன்பிலும் மரியாதையிலும் குறை வைக்காத அக்கா ஆர்டிஸுக்கு, தம்பி நோர்வல் எழுதுவது.

இங்கே நான், மனைவி மார்வெல், மகள் லிவ், அவள் பெற்ற பதினான்கு நாள் குழந்தை எல்லோரும் சுகம். வெளியே மைனஸ் இருபத்தாறு. அரிசோனாவில் ஜனவரி மாதத்தில் வெறும் செருப்போடு நடப்பதாக நீ படம் அனுப்பியிருந்தாய். நீயும் அந்தச் செருப்பும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். இது யாரும் நடுவில் பேசாமல் முழுசாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

டிசம்பர் முதல் வாரம் நீ மார்வெலிடம் பேசியது எனக்கும் கேட்டது. அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "நோர்வல் சமைக்கிறானா? தீயணைப்பு ஆபீஸ் நம்பரை அடுப்புக்கு மேல ஒட்டி வை" என்றாய். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படி.

மார்வெல் சர்ச் படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். அதில் எவ்வளவு பெரிய ஆபத்து இருந்தது என்பது தெரியாது. லிவ்வுக்கு முப்பத்தொன்பது வயதில் முதல் குழந்தை. மருமகன் வெஸ்லிக்கு இரும்புத்தாது கப்பலில் வேலை; ஏரி இறுகி உறையும்வரை கரைக்கு வர முடியாது. இந்த நிலையில் வெஸ்லியின் அம்மா பிலிஸ் போன் செய்தாள். பிலிஸ் நல்ல மனுஷி. அதை இப்போதே எழுதிவிடுகிறேன், பிறகு இந்தக் கடிதத்தில் அதற்கு இடம் கிடைக்காது. அடுத்தவர் வீட்டில் மடித்து வைத்த துண்டுகளைப் பிரித்து மறுபடி மடிப்பாள், குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்து இது நுரையீரலுக்கு நல்லது என்பாள். மூத்த மருமகள் வீட்டுக்கு இரண்டு வாரம் என்று போனவள் ஈஸ்டர் கழிந்துதான் கிளம்பினாள். அந்த பிலிஸ், "உங்கம்மா கை ஒடஞ்சு கிடக்கா, புருஷன் கப்பல்ல, உனக்கு யாரு ஆக்கிப் போடுவா? ஆறு வாரம் வந்து இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். லிவ் எங்கள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அழுதாள். ஏழு வயதில் பல் பிடுங்கியபோதுகூட அழாத பெண், அக்கா. "அப்பா, ஃப்ரீசர்ல ஆறு வாரத்துக்குச் சாப்பாடு இருந்தா அவங்க வர்றதுக்குக் காரணமே இல்ல. நாப்பத்திரண்டு இருந்தா போதும்ப்பா" என்றாள். மார்வெல் தன் கையிலிருந்த மாவுக்கட்டைப் பார்த்தாள். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை ஏப்ரன் கட்டினேன். மார்வெல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இடது கையில் மரக்கரண்டியைக் குச்சி மாதிரிப் பிடித்துக்கொண்டாள். வெங்காயம் எட்டு, மாட்டுக்கறிக் கொத்து நான்கு பவுண்டு, காளான் சூப் டின்கள், மேலே அடுக்க உருளைக்கிழங்கு உருண்டை, அதற்கு மேல் சீஸ். நம் ஊரில் பிறந்தவனுக்கு இப்படி அடுக்கிச் சுடும் ஹாட்டிஷைச் செய்யச் சொல்லித்தர வேண்டுமா என்றுதான் நினைத்தேன். "ருசிக்கேத்த உப்பு போடு" என்றாள். "யாரோட ருசிக்கு?" என்று கேட்டேன். நியாயமான கேள்வி. முப்பத்தாறு வருஷம் கவுண்டி நிர்வாகத்தின் பனித்தள்ளி வண்டியில், பனி உருக ரோட்டுக்கு உப்புத் தூவியவன் நான். தூவுவதற்கு என்று எனக்கு ஓர் அளவு உண்டு. முதல் தட்டை மார்வெல் ஒரு வாய் வைத்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி தண்ணீர் குடித்தாள். "இதைச் சாப்பிட்டவன் ஏப்ரல் வரைக்கும் எந்த ரோட்லயும் வழுக்கி விழ மாட்டான்" என்றாள். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டாவது தட்டிலிருந்து கை வந்துவிட்டது. நான்கு நாளில் ஹாட்டிஷும் காட்டரிசிக் கோழியுமாகப் பதினோரு தட்டு. ஒவ்வொன்றையும் கண்ணாடிப் பாத்திரத்தில் சுட்டு, ஆறவைத்து, பாத்திரத்தோடு கராஜில் இருக்கும் பெட்டி ஃப்ரீசருக்குள் இறக்கினேன். வீட்டுப் பாத்திரம் தீர்ந்தபோது சர்ச் அடித்தள அடுக்களையிலிருந்து எடுத்துவந்தேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது, கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறேனே. ஐந்தாம் நாள் இயூனிஸ், அந்த அடுக்களையை இருபது வருஷமாக ஆள்கிறவள், இரண்டு பெண்களைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். கோட்டைக் கழற்றவில்லை.

"நோர்வல், சர்ச்ல பன்னெண்டு பாத்திரம் இருந்துது. இப்ப மூணு இருக்கு. ஞாயித்துக்கிழமை கிறிஸ்துமஸ் விருந்து. எண்பது பேருக்குக் கையில போட்டுக் குடுக்கவா?"

"பத்திரமா இருக்கு இயூனிஸ். ஃப்ரீசர்ல."

"ஃப்ரீசர்ல பாத்திரம் என்ன பண்ணுது?"

மார்வெல் நாற்காலியிலிருந்து எழாமலே, "பாத்திரத்துல மொதல்ல அலுமினியத் தாளை விரிச்சு, உறைஞ்சதும் தாளோட தூக்கிச் சுத்தி வைன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டா தானே" என்றாள். சொன்னாள்தான். நான் அப்போது வெங்காயத்தோடு கண்ணீர்விட்டுக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானம் முழுக்க ஹேர் டிரையரை வைத்துப் பாத்திரங்களின் அடியைச் சூடாக்கி, ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் கழற்றினோம். இயூனிஸ் கடைசியில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் தட்டினாள். போகும்போது, "இந்தக் காட்டரிசிக் கோழி வாசனை அவ்வளவு மோசமில்ல" என்றாள். இயூனிஸ் வாயிலிருந்து வந்தது இது, அக்கா. கடைசியாக அவள் அப்படிச் சொன்னது ஒரு பிஷப்பைப் பற்றி.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஹாட்டிஷ், காட்டரிசிக் கோழி, கிரீம் குழம்பில் இறைச்சி உருண்டை, ஹாமும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்டது என்று டிசம்பர் பதினேழாம் தேதிக்குள் நாற்பத்திரண்டு வெள்ளிப் பொட்டலம், ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி, என்ன, எத்தனை நிமிஷம் என்று என் கையால் எழுதி அடுக்கியிருந்தேன். பதினெட்டாம் தேதி மத்தியானம் புயல் வந்தது, மின்சாரம் போனது. "மூடியைத் திறக்காதே. திறக்காம வச்சா ரெண்டு நாள் தாங்கும்" என்று மார்வெல் சொன்னாள். தாங்குகிறதா என்று திறந்து பார்க்காமல் எப்படித் தெரியும்? அரைமணிக்கு ஒருமுறை திறந்து பார்த்தேன். ஆறாவது தடவை விரலால் அழுத்தியபோது ஓர் ஓரம் மெத்தென்று இருந்தது. நான் பயந்துவிட்டேன். வெளியே கடவுளே இலவசமாக ஃப்ரீசர் விரித்து வைத்திருக்கும்போது எதற்கு இந்தப் பெட்டி என்று, உள்ளே இருந்த பொட்டலம் அத்தனையையும் தூக்கிக்கொண்டுபோய் வாசலோரப் பனிமேட்டில் புதைத்துவிட்டேன். ரோட்டிலிருந்து சரியாக ஒன்பதடி தள்ளி. பனித்தள்ளியின் தகடு எட்டடிக்கு மேல் எட்டாது. முப்பத்தாறு வருஷம் ஓட்டினவனுக்குத் தெரியாதா?

கவுண்டி புதுத் தகடு வாங்கியிருக்கிறது. பதினோரடி.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு ஜன்னலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன். என் வண்டியை இப்போது ஓட்டுவது பிரிட்டா, நான் பழக்கிவிட்ட பெண். வளைவை அவள் சுத்தமாக எடுத்ததைப் பார்த்து எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கணம் பனிமேடு அப்படியே எழுந்தது. அதற்குள்ளிருந்து வெள்ளிப் பொட்டலங்கள் பளபளவென்று கிளம்பி, தபால் பெட்டியைத் தாண்டி, எதிர்வீட்டு வேலியைத் தாண்டிப் போயின. நான் வீட்டுச் செருப்போடு ஓடினேன். பிரிட்டா வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"பாஸ், இப்ப எதையோ தூக்கி அடிச்சேன். என்ன அது?"

"பொறக்கப்போற என் பேத்தியோட அம்மாவுக்கு ஆறு வாரச் சாப்பாடு."

"ரோட்டோரம் எதையும் வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே பாஸ் சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். பிறகு இறங்கி மண்வெட்டியை எடுத்தாள். எதிர்வீட்டார் வந்தார்கள், பக்கத்துவீட்டார் வந்தார்கள், சர்ச் பாத்திரம் ஒன்று குறைகிறது என்று கேட்க வந்த இயூனிஸும் வந்து சிக்கிக்கொண்டாள். பதினோரு பேர் இரண்டு மணி நேரம் தெருவைத் தோண்டினோம். எண்ணிப் பார்த்தால் நாற்பத்து மூன்று.

ஒன்று அதிகமாக இருக்கிறதே என்று எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் ஒவ்வொரு பொட்டலமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஃப்ரீசரின் அடியில் போன வருஷத்துக்கு முந்திய வருஷம் மீன் தூண்டிலுக்காக நான் பொட்டலம் கட்டிப் போட்ட சின்ன மீன்களும் இருந்தன. டேப் எல்லாம் ஈரத்தில் கழன்று போய்விட்டது. நாற்பத்து மூன்றும் ஒரே மாதிரி வெள்ளிக்கட்டி. பிரித்துப் பார்த்தாலும் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையாக உறைந்திருக்கிறது. பிள்ளை பெற்றவள் பசியோடு ஓவனைத் திறக்கும்போது உள்ளே தூண்டில் மீன் வேகுவதை நினைத்துப் பார். அதுவும் பிலிஸ் பக்கத்தில் நிற்கும்போது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அக்கா, இதைக் கவனமாகப் படி, ஏனென்றால் இதைத்தான் ஊரே இன்னும் பேசுகிறது. மின்சாரம் வந்ததும், என் துளைபோடும் மிஷினுக்குப் புத்தம்புது முனை ஒன்றை எடுத்துக் கொதிநீரில் போட்டு, ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சின்ன ஓட்டை போட்டேன். முனையில் சுருண்டு வந்த துகளைக் கரண்டியில் எடுத்து மார்வெலின் வாயில் வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "காட்டரிசி" என்பாள்; நான் எழுதுவேன். "ஹாம். கிரீம் குழம்பு. ஹாட்டிஷ், இதுல வெங்காயத்தை நீ தீய்ச்சிருக்கே." முப்பத்தாறு பொட்டலம் ஒரு தப்பில்லாமல். நாற்பத்து நாலு வருஷம் வாழ்ந்தும் இந்தத் திறமை அவளிடம் இருப்பது எனக்குத் தெரியாது. முப்பத்தேழாவதை வாயில் வைத்தாள். கண் திறக்கவில்லை. நான் சுவரோரமாக நகர்ந்தேன்.

"நோர்வல், இதை எப்ப சமைச்சே?"

"சமைக்கல."

மூன்று முறை வாய் கொப்பளித்தாள். மிச்சம் ஆறையும் ருசி பார்த்து முடித்த பிறகுதான் என்னிடம் பேசாமலிருக்க ஆரம்பித்தாள். அதுதான் மார்வெல். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு குழந்தையின் தொட்டிலை மாட்டும்போது திருப்புளி கேட்டாள்.

ஜனவரி மூன்றாம் தேதி பகல் பதினொன்றே காலுக்கு இங்கா மார்வெல் பிறந்தாள். ஏழு பவுண்டு. லிவ் அவளை என் கையில் கொடுத்தபோது நான் விரல்களை எண்ணிப் பார்த்தேன், பத்தும் இருந்தன. ஐந்தாம் தேதி லிவ் ஆஸ்பத்திரியிலிருந்து தன் வீட்டுக்கு வந்தாள். அன்றே பிலிஸும் வந்தாள், மூன்று பெட்டியோடு. கோழி, காய்கறி என்று வாங்கிவந்ததை வைக்க லிவ்வின் ஃப்ரீசரைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். நான் முன்பே கொண்டுவந்து வரிசையாக அடுக்கிய நாற்பத்திரண்டு, இந்த முறை டேப்பில்லை, தாளிலேயே அழியாத மையில் எழுதியது.

"யாரு பண்ணது இதெல்லாம்?"

"அப்பா" என்றாள் லிவ்.

அன்று ராத்திரி காட்டரிசிக் கோழி. லிவ் ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறுகையால் இரண்டு தட்டு சாப்பிட்டாள். பிலிஸ் மெதுவாக மென்றாள். அடியில் ஏதாவது குறை ஒளிந்திருக்கிறதா என்று கரண்டியால் கிளறிப் பார்த்தாள். கடைசியில், "அவ்வளவு மோசமில்ல" என்றாள். இரண்டு நாள் துண்டுகளை மடித்தாள், அதற்கு மேல் ஓடவில்லை. "இங்க எனக்கு வேலையே இல்லையே" என்று மூன்றாம் நாள் பெட்டியைக் காரில் ஏற்றினாள். ஏறும்முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காட்டரிசிக்கு என்ன பக்குவம் என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கார் திரும்பியதும் லிவ் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள் பார், அதற்காக நானூற்று இருபது தட்டு சமைக்கலாம்.

ஆகவே அக்கா, நீ சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மார்வெல் தன் நல்ல கையால் அன்பும், கட்டுப் போட்ட கையால் ஒரு வணக்கமும் அனுப்புகிறாள். இங்கா கொட்டாவி விடுகிறாள். அதை அத்தைப் பாட்டிக்கென்றே விட்டதாக எடுத்துக்கொள். உன் முழங்கால் வலி நீங்கி, உன் ரோஜாச்செடிகள் பூத்து, நீண்ட நாள் நன்றாயிரு.

இப்படிக்கு,
சமையல் தெரிந்த உன் தம்பி
நோர்வல்

பி.கு. — ஜனவரி 19. தபால்தலை தீர்ந்துபோனதால் இரண்டு நாள் தாமதம். அதற்குள் இன்று காலை லிவ் குழந்தையை டாக்டரிடம் காட்டினாள். இங்கா தினமும் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு விடாமல் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். வாயு என்று நினைத்திருந்தோம். பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லையாம். லிவ் சாப்பிடுவது தாய்ப்பால் வழியாகப் போகிறதாம். ஆகவே லிவ் இனிமேல் பால், வெண்ணெய், கிரீம், சீஸ் எதையும் தொடக் கூடாது. என் பொட்டலம் ஒவ்வொன்றிலும் இவற்றில் ஏதோ ஒன்று உண்டு. பிள்ளையைப் பதினான்கு நாள் அழவைத்தது என் கைப்பக்குவம்தான். மிச்சமிருக்கும் இருபத்தெட்டையும் பனியில் இழுக்கும் ஸ்லெட்ஜில் வைத்து எங்கள் வீட்டுக்கே இழுத்துவந்துவிட்டேன். மார்வெலும் நானும் பிப்ரவரி பாதிவரை அதைத்தான் சாப்பிட வேண்டும். பிலிஸுக்கு இன்னும் தெரியாது. வெஸ்லி சனிக்கிழமை அவளுக்குப் போன் செய்வான், அவனுக்கு எதையும் மறைக்க வராது. பால் சேராத சமையல் ஏதாவது உனக்குத் தெரிந்தால் உடனே போன் செய், நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசு. மார்வெல் நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. வெங்காயம் உரிக்கிறேன்.