டைம்கீப்பரின் புது இதயம்

கைபேசி கீச்சிட்டதும் தையல்காரம்மாவின் ஊசி சட்டைக் காலரைத் தாண்டி எங்கோ போய்விட்டது.

திரையில் சிவப்பு இதயம் மின்னியது. கணவரின் நாடி ஏறியிருக்கிறது. மாற்று இதயம் வைத்த பிறகு அவர் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் சேதியெல்லாம் தன் கைபேசிக்கு வரும்படி செய்திருந்தாள். பஸ் டிப்போவில் டைம்கீப்பர் அவர். உட்கார்ந்த இடத்து வேலை. ஓடவில்லை, சுமக்கவில்லை, பின்னே ஏன் ஏறுகிறது? இத்தனைக்கும், மாத்திரை போட்டீங்களா இல்லையா என்று இப்போதுதான் போன் செய்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வைத்திருந்தாள்.

மறுபடி அழைத்தாள்.

"பக்கத்துல யாரு?"

"கேன்டீன் அம்மா. டீ வச்சுட்டுப் போறாங்க."

"அவங்க டீ வச்சா உங்களுக்கு ஏன் ஏறுது?"

"என்ன ஏறுது?"

"நாடி! என் கண்ணுல மண்ணைத் தூவலாம்னு மட்டும் நினைக்காதீங்க. முதல்ல அவங்களை அனுப்புங்க!"

அனுப்பிவிட்டார். சொன்ன பேச்சைத் தட்டாத மனுஷர். தையல்காரம்மா மெஷினில் காலை வைத்தாள். சட்டையின் ஒரு கை தைத்து முடிவதற்குள் கைபேசி முன்னைவிட உரக்கக் கீச்சிட்டது.

"இப்ப யாரு?"

"கண்டக்டர் பொண்ணும்மா. கையெழுத்து வாங்க வந்திருக்கு."

"பொண்ணா!"

"நம்ம பொண்ணு வயசுதான் இருக்கும்."

"வயசைக் கேட்டேனா நான்?"

தையல்காரம்மாவைச் சொல்லியும் குற்றமில்லை. பழைய இதயம் வீங்கி, நாலடி நடந்தால் மூச்சு வாங்கிய காலத்தில், அவரைக் குளிப்பாட்டி, துவட்டி, ஊட்டிவிட்டவள் அவள்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவளும் அவள்தான். இதயம் கிடைத்துவிட்டது என்று செய்தி வந்த அன்று, அதைக் கொடுத்துவிட்டுப் போன யாரோ ஒரு பிள்ளைக்காகவும் அந்தப் பிள்ளையைப் பெற்றவளுக்காகவும் விடிய விடிய அழுதாள்.

இப்போது அந்தப் பிள்ளை மேல்தான் சந்தேகம். இளவயசு இதயம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். கல்யாணம் ஆகாத பையனாக இருந்திருக்கும், கண்ட இடத்தில் துள்ளிப் பழகியிருக்கும் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று டிப்போவுக்கே போனாள். கண்ணாடி அறைக்குள் அவர் எதிரில் உட்கார்ந்து, மேஜையைத் தட்டித் தட்டிக் கேட்டாள். அவர் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் அவள் குரலை உயர்த்தினாலே, "நெஞ்சு படபடக்குதும்மா, கொஞ்சம் நிறுத்தேன்" என்பார். இப்போது முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கைபேசியைப் பார்த்தாள். நாடியும் இம்மி அசையவில்லை.

அதுதான் அவளைக் குத்தியது. கேன்டீன் அம்மாவுக்குத் துள்ளுகிறது, கண்டக்டர் பொண்ணுக்குத் துள்ளுகிறது, எதிரில் கட்டின பெண்டாட்டி உட்கார்ந்திருந்தால் தூங்குகிறது!

விருட்டென்று எழுந்து வெளியே வந்தாள். கேட்டைத் தாண்டியதுதான் தாமதம், கைபேசி அலறியது. திரும்பி ஓடினாள். கண்டக்டர் பொண்ணு அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் வந்துட்டியா?"

"அண்ணனுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்துச்சுக்கா..."

"உனக்கு யாருடி அண்ணன்?"

டிரைவர்கள் கூடிவிட்டார்கள். பெண் அழுதுகொண்டே ஓடினாள். அன்று புறப்பட வேண்டிய பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுபோயின. மேலாளர் வந்து டைம்கீப்பரின் தோளில் கை வைத்து, "வீட்டுப் பிரச்சினை தீர்ந்ததும் வேலைக்கு வாங்க" என்றார்.

சரி, வீட்டிலேயே கண் முன்னால் இருக்கட்டும் என்று மெஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். அதுவும் வினையாகத்தான் போயிற்று. அவள் கேள்வி மேல் கேள்வி கேட்கும்போது நாடி பச்சைத் தண்ணீர். கேட்டு ஓய்ந்து அவள் சமையலறைக்குப் போனதும், அவர் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். உடனே கைபேசி கூவும்.

"உள்ள யாரை நினைச்சுட்டு இருக்கீங்க?" என்று ஒரு நாள் கதவை இடித்தாள்.

"சோப்பைத் தேடுறேம்மா..."

மறுநாள் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். இந்த இதயத்துக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லையென்றால் தன் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விடுவது என்று தீர்மானமாக இருந்தாள். அவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்த டெக்னீஷியனிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

டெக்னீஷியன் பொறுமையாகக் கேட்டார்.

"பழைய இதயத்தை வெட்டி எடுக்கும்போது நரம்பும் அறுந்துடும்மா. புதுசை வைக்கிறப்ப ரத்தக் குழாயை எல்லாம் தைச்சுடுவாங்க. நரம்பைத் தைக்க முடியாது."

தையல்காரம்மாவுக்குத் தையல் கணக்கு புரிந்தது.

"அதனால மூளை போடுற உத்தரவு நேரா இதயத்துக்குப் போகாது. மனசுல ஒரு பதற்றம்னா, அதுக்கான சுரப்பு ரத்தத்துல கலந்து, மெல்லப் போய்த்தான் தட்டி எழுப்பணும். லேட்டா வர்ற பஸ் மாதிரி. இப்ப ஏறுதுன்னா, சில நிமிஷம் முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பாக்கணும்."

அவள் நினைத்துப் பார்த்தாள். கேன்டீன் அம்மா டீ வைத்ததற்குச் சற்று முன்னால் அவளுடைய போன். கண்டக்டர் பொண்ணு வந்ததற்கு முன்னாலும் அவளுடைய போன்தான். டிப்போவில் எதிரே இருந்துவிட்டு வந்தவள் அவள். அவர் குளியலறைக்குள் போவதற்கு முன்னால் கேள்வி கேட்டவளும் அவள்தான்.

கண் நிறைந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, எல்லாமே எனக்காகத்தானா? இத்தனை நாளும் எனக்காகவா துடிச்சுது?"

டைம்கீப்பர் தன் நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர்களை அதிசயம் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நரம்பு விஷயத்தை யாராவது முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"ஆபரேஷன் முடிஞ்சப்பவே சார்கிட்ட சொன்னேனேம்மா!" என்றார் டெக்னீஷியன். "'அப்பாடா, அப்ப இனிமே அவ கத்தி முடிச்சு அந்தப் பக்கம் போற வரைக்கும் நெஞ்சு படபடக்காதில்ல?'ன்னு கேட்டுட்டு, அன்னைக்குத்தான் முதல் தடவையா சிரிச்சார்."