மஸ்டாங் காரின் பேட்டரி கேபிளும் என் சகலையும்

டிக்கோயா,
ஞாயிறு காலை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் ஆண்டியப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை லெட்சுமியின் கணவன் முத்துலிங்கம் கைகூப்பி எழுதும் மடல். இங்கே மழையும் பனியும் லெட்சுமியின் வாயும் எந்தக் குறையும் இல்லாமல் நடக்கின்றன. வத்தளை வெயிலில் நீங்களும் பிள்ளைகளும் அதேபோல் இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் அந்த ஆளும் படிப்பார். அந்த ஆள் வேறு யாருமில்லை, உங்கள் சின்னத் தங்கை பிரேமினியின் கணவர், என் சகலை ஜீவராஜ்தான்.

எங்கள் தோட்டத்து மேனேஜராக இருந்த பழைய தொரை விட்டுப்போன மஸ்டாங்கை வாங்கி எங்கள் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்திய அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கம்பெனில இருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ, ஒரு வயர் மாறாம அப்படியே இருக்கணும். யாரு வேலை சுத்தமோ, ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா பழைய கார் ஊர்வலத்துல அவருதான் ஓட்டணும்" என்றீர்கள். அன்று முதல் தினமும் பல் விளக்கிய கையோடு ஷெட்டுக்குப் போய், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறேன். வயர் வேலை எனக்கு, பெயிண்ட் வேலை அவருக்கு என்று பேச்சு. நான் முப்பத்தொரு வருஷம் தேயிலை பெக்டரியில் எலக்ட்ரீசியனாக இருந்தவன். அவர் ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் போன் ரிப்பேர் பண்ணுகிறவர். அவருக்குத் தெரிந்த பேட்டரி எல்லாம் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும்.

பெக்டரியில் தினமும் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். அதனால் எந்தக் கேபிளும் முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, அது என் கைப்பழக்கம். இந்தக் காரிலும் பேட்டரியிலிருந்து கேபிளை மேலே தூக்கி, இன்ஜினுக்கு மேலாக நேர்கோட்டில், அரையடிக்கு ஒரு கிளிப் போட்டுக் கொண்டுபோனேன். நானே இரண்டு முறை நின்று ரசித்தேன். பார்க்க வந்த சகலை, போனை நோண்டிக்கொண்டே, "சகலை, கம்பெனில இப்படிப் போகாதுங்க. பேட்டரில இருந்து பக்கத்துல இருக்கிற ரிலேக்கு ஒரு கேபிள், ரிலேல இருந்து கீழ எறங்கி, சட்டத்தை ஒட்டி ஸ்டார்ட்டருக்கு இன்னொண்ணு. எர்த் கேபிள் இன்ஜின்ல போய் முடியணும், நடுவுல பாடிலயும் ஒரு போல்ட்டு. அமெரிக்காக்காரர் ஒருத்தர் படம் அனுப்பியிருக்காரு, பாருங்க" என்றார். அமெரிக்காக்காரராம்! இவருக்கு மட்டும் எங்கேயிருந்து மச்சான் ஆள் கிடைக்குது? பட்டிப்பொலையில் இருக்கிற என் கூடப்பிறந்த தம்பியே நான் கூப்பிட்டால் போனைத் தூக்குவதில்லை. "நீங்க பெயிண்ட்ட மட்டும் பாருங்க" என்று அனுப்பிவிட்டேன். பொறாமையில் பேசுகிறார் என்று லெட்சுமியிடம் சொன்னேன். "யாருக்குப் பொறாமைன்னு நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று அவள் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

போன வெள்ளிக்கிழமை காருக்குப் பூஜை. பூசாரி செல்லசாமி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் மாலை போட்டு, பொனட்டைத் திறந்து பேட்டரிக்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்தார். பிறகு பொனட்டை மூடச் சொன்னார். அது மூட மாட்டேன் என்றது. என் கேபிள் கொஞ்சம் உயரம் என்பது உண்மைதான். ஆனால் அத்தனை சனத்துக்கு முன்னால் அதை ஒத்துக்கொள்ள முடியுமா? இரண்டு கையாலும் ஓங்கி ஒரு அமுக்கு. மூடியது. உடனே உள்ளேயிருந்து குபுகுபு என்று புகை. பக்கத்து லயத்து வீட்டு அம்மாக்கண்ணு அதைச் சாம்பிராணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா எறங்கிட்டாடி!" என்று குலவை போட, பூசாரி மணியை இன்னும் வேகமாக ஆட்ட, எல்லோரும் கும்பிட, உள்ளதைச் சொன்னால் மச்சான், நானும் கண்ணை மூடிக் கும்பிட்டேன். சகலை மட்டும் ஸ்பேனரோடு ஓடிவந்து, பொனட்டைத் தூக்கி, எர்த் கேபிளைக் கழற்றிப் போட்டார். ஒரு சாண் கேபிள் கருகியதோடு கார் தப்பியது. அதுக்கு அவருக்கு என்னா மரியாதைங்கிறீங்க! காருக்குப் போட்ட மாலையே அவர் கழுத்துக்குப் போயிருச்சு. கழட்டுறது ஒரு வித்தையா மச்சான்? மாட்டுனவன் ஒருத்தன் அங்கயே நிக்கிறான், அவனை ஒரு சனமும் திரும்பிப் பார்க்கல.

நேற்று அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாக் கேபிளையும் அவரே புதிதாகப் போட்டார். ஊர்வலத்துக்குக் கார் பார்க்கிற சிங்கள மாத்தயா ஒருவர் வந்து, டார்ச் அடித்துக் குனிந்து பார்த்து, "ஹரியட்டம ஹரி" என்றார், அச்சு அசலாகச் சரியாம். நானும் குனிந்து பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, எங்கே தொடங்கி எங்கே போகிறது என்றே தெரியாத மாதிரி ஒதுங்கி ஒட்டிப் போகிறது. எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. லெட்சுமி வேறு, "எவ்வளவு அடக்கமாப் போகுது பாருங்க" என்றாள். கட்டி இருபத்தாறு வருஷத்தில் என் வேலை எதையும் பார்த்து அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மத்தியானம் அவருக்குச் சோற்றுக்கு மேல் ரெண்டு பொரிச்ச முட்டை. எனக்குக் கருவாட்டு வால். கேட்டால், எனக்குப் பிரஷராம்.

ஆகவே மச்சான், நீங்கள்தான் நியாயம் சொல்ல வேண்டும். மூத்தவன் நான். முதலில் கேபிள் போட்டவனும் நான். என் கேபிள் கருகாமல் இருந்திருந்தால் அவர் கேபிளுக்கு அங்கே என்ன வேலை? நுவரெலியா ரோட்டில் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்ட, நான் பலூன்காரன் பக்கத்தில் நின்று கை காட்டணுமா? என்னால் முடியாது மச்சான், மனசு தாங்காது. ஸ்டீயரிங் எனக்குத்தான் என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள்.

உங்கள் கடையில் ஆணியும் வாளியும் அள்ள அள்ள விற்க, உங்கள் மூட்டுவலி மட்டும் விற்காமலே தீர, நம்ம தோட்டத்து மாரியம்மாவை வேண்டும்,
உங்கள் மச்சான்
சு. முத்துலிங்கம்

பி.கு.: உறைக்குப் பசை தடவும்போது சகலை வந்தார். காலையில் உங்களுக்குப் போன் எடுத்தாராம். "கேபிள் வேலை பூரா மூத்த சகலையோடதுதான், அவரே ஓட்டட்டும்னு மச்சான்கிட்ட சொல்லிட்டேங்க" என்றார். பசையைக் கீழே வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள், தங்கமான மனுஷன். ஆனால் மச்சான், ஸ்டீயரிங் அவருக்கே இருக்கட்டும். என்னிடம் இருப்பது மோட்டார் சைக்கிள் லைசன் மட்டும்தான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இது லெட்சுமிக்குக்கூடத் தெரியாது. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். கேபிள் யார் போட்டது என்று நுவரெலியாவில் யாராவது கேட்டால், சகலை உங்களிடம் சொன்னதையே அங்கேயும் சொல்லட்டும். நீங்க ஒண்ணும் திருத்த வேணாம்.