காமிராவுக்கு என்ன பதவி?

காளவாசல் பக்கம் ஒரு மாடியில் ‘உயிருடன் இருப்போர் சரிபார்ப்புப் பிரிவு’ என்றொரு அலுவலகம் இருந்தது. பதிவேட்டில் தவறுதலாக இறந்துபோனவர்கள் அங்கே வந்து, காமிரா முன் கண்ணை மூடித் திறந்து காட்டினால் போதும். சென்னையிலிருக்கும் கணினி மனமிரங்கி உயிர் கொடுக்கும்.

படம்தான் அடிக்கடி நின்றது. ஆகவே மேன்மை பொருந்திய நிர்வாகம் பாண்டிராஜை வரவழைத்தது. அலுவலகக் கணினிகள் அனுப்புவதெல்லாம் ஒரே ஸ்விட்ச் பெட்டி வழியாகத்தான் போகும். எது முந்தி, எது பிந்தி என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லி வைப்பது அவன் வேலை.

"இதுல எட்டு வரிசை சார். ஒவ்வொண்ணுக்கும் வேகத்துல தனிப் பங்கு உண்டு. காமிராவை ஒண்ணுல போடுவோம். உங்க கோப்பு ரெண்டு நொடி பிந்திப் போனா ஒண்ணும் கெட்டுப்போகாது."

கண்காணிப்பாளர் சந்தானம் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு முன்னால காமிரா போகுமா? அதுக்கு என்ன பதவி?"

பாண்டிராஜ் பெட்டியில் எண்ணை மாற்றினான். சந்தானம் ஒன்றாம் வரிசைக்குப் போனார். உடனே பக்கத்து மேஜை சீதாலட்சுமி மேடம் எழுந்தார்.

"எங்க ரெண்டு பேர் சீனியாரிட்டி வழக்கு கோர்ட்டுல இருக்கு தம்பி. தீர்ப்பு வர்ற வரைக்கும் நானும் ஒண்ணுதான்."

சாயங்காலத்துக்குள் அலுவலகத்தின் பத்தொன்பது பேரும் ஒன்றாம் வரிசையில். காமிரா நிரந்தரப் பணியாளர் அல்ல என்பதால் அதற்கு எட்டு.

மறுநாள் ஒன்றில் பத்தொன்பது பேரும் நெருக்கியடித்து நிற்க, எட்டில் காமிரா தனியாகப் பறந்தது. டீ வருவதற்குள் மூன்று பேர் உயிர்த்தெழுந்தார்கள்.

"என்னய்யா, செத்தவுக எனக்கு முந்திப் போறாக?" என்றார் சந்தானம்.

"எட்டுல கூட்டமில்ல சார்."

"அப்ப என்னையும் எட்டுல போடு."

பத்தே நிமிடம். பத்தொன்பது பேரும், பதவி வரிசைப்படி, எட்டில்.

அந்த நேரம் பார்த்து காமிரா முன் உட்கார்ந்திருந்தது சோலையம்மாள். திருப்பரங்குன்றத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்தவள். இன்று தவறினால் ரேஷன் கார்டில் பெயர் நிரந்தரமாகப் போய்விடும். கண்ணை மூடினாள். படம் அப்படியே நின்றது. ‘இறப்பு உறுதி செய்யப்படுகிறது, காத்திருக்கவும்’ என்றது திரை.

"ஆத்தா, கண்ணத் தொறங்க!" என்றான் பாண்டிராஜ்.

"தொறந்துதானப்பா இருக்கேன்!"

"சென்னையில தொறக்கலயே!"

ஒன்றாம் வரிசை காலியாகக் கிடந்தது. பாண்டிராஜ் யாரையும் கேட்காமல் காமிராவை அதில் போட்டான். திரையில் சோலையம்மாள் கண் திறந்தாள். பச்சை எழுத்தில் உயிர் வந்தது.

"நீ நல்லாருப்ப சாமி. இந்த ஒண்ணாம் வரிசைய இப்படியே வச்சிரு, அடுத்த வருசமும் வாரேன்" என்றாள். பிறகு, வெளியே காத்திருந்த நாற்பது பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "இம்புட்டுப் பேரையும் இதுல விட்டுறாதப்பா. நெரிசலாயிரும்."

பாண்டிராஜ் தலையாட்டினான். காமிராவை மாற்றிய கையோடு, தன் செல்போனையும் அவன் அங்கேதான் சேர்த்திருந்தான்.