நாகலக்ஷ்மியின் நேர்க்கோடு

இந்தத் தடவையும் கோலமாவு ஸ்மிதாவின் தலையில்தான் விழுந்தது.

"ஸாரி! மோட்டார் வேகம் ஜாஸ்தியாயிடுத்து" என்றான் ஜெய்ராம்.

"ஜாஸ்தியா? என்னை ஆவியில வெச்சா கொழுக்கட்டையே ஆயிடுவேன்" என்றாள் அவன் மனைவி.

கை நடுங்குகிறவர்களுக்குக் கருவிகள் வடிவமைப்பதுதான் நியூ டவுனில் ஜெய்ராமுக்கு வேலை. எத்தனையோ பேர் கையில் ஸ்பூன் நின்றிருக்கிறது. அவன் அம்மா நாகலக்ஷ்மியின் கை மட்டும், அவளுக்காகவே அவன் செய்த மோட்டார் கையுறைக்குள்ளும் அடங்கவில்லை.

டாக்குரியாவில் அவர்கள் தெருப் பூஜைப் பந்தலின் வாசலில் கோலம் போட, பூஜையை நடத்தும் வங்காளி கிளப்காரர்கள் முதல்முறையாக அவளைக் கேட்டிருந்தார்கள். மறுநாள் காலை திறப்பு விழா.

"ஊரே வந்து பார்க்கும். நான் கோணலும் மாணலுமா இழுக்கணுமா? முடியாதுன்னு சொல்லிடுடா."

"நான் இருக்கேம்மா."

மோட்டாரைக் குறைத்து, கையுறைக்குள் ஸ்பிரிங் வைத்தான். நடுக்கம் நின்றது. விரல்களும் நின்றுவிட்டன.

"டேய், மாவு விழலை! விரலைப் பிரிக்க முடியலைடா!"

ஆளுக்கு இரண்டு விரலாகப் பிடித்து இழுத்தார்கள். பிரிந்த வேகத்தில் மாவு மறுபடியும் ஸ்மிதாவின் மேல்.

ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, கையை நேராக ஓட்டும் சென்சாரைப் பொருத்தினான். கோடு அற்புதமாகக் கிளம்பியது. செருப்பு ஸ்டாண்டைத் தாண்டியது. எதிர் ஃபிளாட் வாசல்வரை போனது.

"வளைச்சுக்கோம்மா!"

"நான் வளைக்கறேன், இது வளைஞ்சாத்தானே!"

எதிர் ஃபிளாட்காரர் கதவைத் திறந்தார். தன் காலடியில் குனிந்திருந்த நாகலக்ஷ்மியைப் பார்த்துப் பதறி, அவரும் குனிந்து நமஸ்காரம் செய்தார்.

ஒருவழியாகப் பொழுது சாயும்முன் கையுறை வளையக் கற்றுக்கொண்டது.

மறுநாள் பந்தல் வாசலில் புள்ளிகள் அச்சடித்ததுபோல் விழுந்தன. கோடுகளில் ஒரு நெளிவு இல்லை. நாகலக்ஷ்மிக்குக் கண் நிறைந்தது. ஜெய்ராம் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தான்.

பந்தல் அலங்காரத்துக்கு அந்தந்த ஆண்டு எடுக்கும் கருப்பொருளைத் திறப்பு விழா வரை ரகசியமாக வைத்திருப்பது கிளப்பின் வழக்கம். திரை விலகியது. உள்ளே கூரையிலிருந்து தரைவரை நீல மூங்கில் பட்டைகள், அலை அலையாக.

கிளப் செயலாளர் தபன்தா கோலத்தைப் பார்த்தார். டீ குடிப்பதை நிறுத்தினார்.

"மாஷிமா, என்ன இது? உங்க வீட்டு வாசல்ல தினம் நெளியுமே, அந்தக் கோட்டுக்காகத்தானே உங்களைக் கூப்பிட்டோம்! எங்க ஆர்ட்டிஸ்ட் ஒரு மாசமா கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார், அவருக்கு வரவே இல்லையே!"