ஒற்றைக் காலில் சத்தியம் செய்த இளவரசி

குறையே இல்லாத பெண்ணைப் பற்றி யாராலும் மூன்று நாளைக்கு மேல் காது கொடுத்துக் கேட்க முடியாது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, நானே கண்டுபிடித்தது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்றைக்குத் திருச்சியில் எனக்கு இரண்டு மரவாடி. பி.ஏ. படித்தவர்கள் என் முன்னால் நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள் (உட்காரச் சொன்னால் உட்காருவார்கள், நான் சொல்வதில்லை). ஆனால் அந்தக் கண்டுபிடிப்பை நினைத்தால் மட்டும் இப்போதும் காது சுடுகிறது.

யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி. உறையூரில் ஒரு சுருட்டுக் கொட்டகையில் எனக்கு வேலை. வயது பத்தொன்பது. சொந்த ஊர் வையம்பட்டி. அங்கே ‘வாடா’ என்று கூப்பிட யாரும் மிச்சமில்லை. கொட்டகைப் பரணில், புகையிலைச் சிப்பங்களுக்கு நடுவில் படுக்கை. வேலை நாளில் ஒன்றும் தெரியாது. லீவு நாள்தான் கொடுமை. விடிந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேச ஆள் இருக்காது. சாயங்காலம் தெப்பக்குளத்துக் கடைத்தெருவுக்குப் போய், வாங்கப் போகாத சாமானுக்கெல்லாம் விலை கேட்பேன். கடைக்காரர் பதில் சொல்வாரே, அதற்காக. ஒரு தீபாவளிக்குக் கைக்குழந்தைச் சட்டைக்கு விலை கேட்டேன்.

"கொழந்தைக்கு எத்தனை மாசம்?"

"ஆறுங்க."

"பையனா, பொண்ணா?"

"பொண்ணுங்க."

அன்றைக்கு இரண்டு தெரு தாண்டும் வரை எனக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது.

சுருட்டு சுற்றுகிறவர்களுக்குக் கையில்தான் வேலை. வாயும் காதும் சும்மா இருக்கும். அதனால் ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ‘உம்’ கொட்டுவார்கள். கதை சொல்கிறவர் பங்குச் சுருட்டை எல்லோரும் சேர்ந்து சுற்றிப் போட்டுவிடுவார்கள். வழக்கமாகச் சொல்லிவந்த ஆள் மலாயாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டார். "யாருக்குப்பா கதை தெரியும்?" என்று கேட்டபோது என் கை தானாக எழுந்தது. எனக்கு ஒரு கதையும் தெரியாது. முப்பது பேர் என்னைப் பார்த்து ‘உம்’ என்பார்களே, அந்த ஆசைதான்.

சொந்தமாகவே ஓர் இளவரசியைச் செய்தேன். பெயர் செண்பகநாச்சி. வயது பதினாறு. இரண்டு ஆற்றுக்கு நடுவே ஒரு தீவில் (ஸ்ரீரங்கம்தான், வேறு தீவு நான் பார்த்ததில்லை) ஒரு பூதம் அவளைத் தூக்கி வந்து மகளாக வளர்க்கிறது. அவளுக்கு மேகத்தின் மேல் நடக்கத் தெரியும். நல்ல குணங்களை அவள் தலையில் அள்ளிக் கொட்டினேன். பொய் சொல்ல மாட்டாள். கோபமே வராது. பாம்புக்கு அடிபட்டால் மஞ்சள் அரைத்துப் போடுவாள். தன் சோற்றை எறும்புக்கு வைத்துவிட்டுப் பட்டினி கிடப்பாள்.

முதல் நாள் ‘உம்’ கூரையைத் தூக்கியது. மூன்றாம் நாள் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். புகையிலையில் நரம்பு கிழிக்கும் அஞ்சலை அக்கா எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டாள்:

"ஏன் தம்பி, இவ பொண்ணா, கோயில் குத்துவெளக்கா? ஒரு நாளாச்சும் பானையில கைவிட்டு ஒரு வாய் திங்க மாட்டாளா?"

"ரொம்ப நல்லவ அக்கா அவ."

"நல்லவதான், யாரு இல்லேன்னா? ஆனா பக்கத்து வீட்டுக்குக் குடி வந்தா நான் அவகூடப் பேச மாட்டேன்."

கொட்டகையே சிரித்தது. ‘உம்’ நின்றுபோனால் நான் மறுபடியும் வெறும் பரண்காரன்தான். இளவரசிக்கு உடனே ஒரு குறை வேண்டும். ஆனால் பெண்களின் குறை எனக்கு எப்படித் தெரியும்? பெற்றவள் முகமே ஞாபகமில்லை. கொஞ்சமாவது தெரிந்தவள் ஒருத்திதான்: எங்கள் மேஸ்திரி இருளப்பனின் மகள் தைலம்மை.

மேஸ்திரி மனைவியை இழந்தவர். கட்டைக் குரல், காதில் புதர் மாதிரி முடி. மத்தியானச் சோற்றையும் மீன் குழம்பையும் தூக்குச்சட்டியில் மகள்தான் கொண்டுவருவாள். சில வாரத்துக்கு முன்னால் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்குன்னு யார்ரா இருக்கா?" என்று கேட்டிருந்தார்.

"யாருமில்லைங்க."

"அதுதான் நல்லது. வீட்டோட மாப்பிள்ளைக்கு மாமன் மச்சான் இருந்தா தொல்லை. ஆவணி பொறக்கட்டும், பாப்போம்."

அன்றிலிருந்து பரணில் படுத்துக்கொண்டு, ஒரு வீட்டுக் கதவைத் திறப்பதாக நினைத்துப் பார்ப்பேன். உள்ளேயிருந்து, "வந்துட்டீங்களா?" என்று ஒரு குரல். (அதுக்கு மேல நினைக்கத் தெரியாது. அதுவே போதுமானதா இருந்துச்சு.)

தைலம்மையிடம் நான் கண்ட குறை இரண்டு. புகையிலைக்குத் தெளிக்கத் தண்ணீர் எடுக்க வாய்க்காலுக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். மதகுச் சுவரில் தூக்குச்சட்டியை வைத்து, அப்பன் குழம்பிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்துத் தின்பாள். தின்ற இடம் தெரியாமல் விரலால் சரிசெய்து மூடிவிடுவாள். அப்புறம் கொட்டகை வாசலில் மேஸ்திரி, "ஏன் நேரமாச்சு? வழியில நின்னியா?" என்பார். "சத்தியமா இல்லப்பா" என்பாள். சொல்லும்போது ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்துக்கொள்வாள். நிற்கிற அவருக்கு அது தெரியாது. வாசலோரம் தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு, வருகிறவர்களின் கால்தான் கண்ணுக்கு நேர்.

இரண்டையும் எடுத்துச் செண்பகநாச்சிக்குக் கொடுத்தேன். அவள் பூதத்தின் குழம்பில் கைவிட்டாள். "தின்றாயா?" என்று பூதம் கேட்டது. "சத்தியமாக இல்லை" என்றாள், ஒற்றைக் காலில் நின்றபடி. ஏனென்றால் ஒற்றைக் காலில் செய்கிற சத்தியத்தைப் பூமாதேவி பாதிதான் கேட்பாள். (இது என் சொந்தச் சரக்கு.)

"உம்ம்ம்!" என்று கொட்டகை அதிர்ந்தது. "இப்பத்தாண்டா இவ எம் பொண்ணு!" என்று அஞ்சலை அக்கா தொடையைத் தட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பூதத்துக்கும் இரண்டு அடையாளம் சேர்த்தேன். கட்டைக் குரல். காதில் முடி.

மேஸ்திரி ‘உம்’ கொட்ட மாட்டார், கௌரவக் குறைச்சல். கேட்கிறேன் என்பதற்கு அடையாளமாக இருமுவார். மறுநாள் கதை நடுவில் அந்த இருமல் நின்றது.

"டேய், பூதத்துக்கு என்ன கொழம்பு?"

"மீன் கொழம்புங்க."

"என்ன மீனு?"

"கெண்டைங்க." (திமிங்கிலம் என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன்.)

"காதுல என்னமோன்னியே?"

"முடிங்க... கொஞ்சூண்டுதாங்க."

அஞ்சலை அக்கா முந்தானையால் வாயைப் பொத்தினாள். எல்லோர் கையும் நின்றுபோனது. அந்த நேரம் பார்த்துத் தூக்குச்சட்டியோடு வாசலில் வந்து நின்றாள் தைலம்மை.

"வழியில மீனை எடுத்துத் தின்னியா?" என்றார் மேஸ்திரி.

"இல்லப்பா."

"சத்தியம் பண்ணு."

முப்பது தலையும் அவள் காலைப் பார்த்துத் திரும்பின. வலது கால் தரையிலிருந்து கொஞ்சம் எழும்பியிருந்தது. அவள் எல்லோரையும் பார்த்தாள். பார்வை சுற்றி வந்து கடைசியில் என் மேல் நின்றது. அதுவரை நானும் அவள் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. பிறகு காலைக் கீழே வைத்தாள். நன்றாக அழுத்தி.

"தின்னேன்பா. தெனம் ஒரு துண்டு."

"ஏன்? வீட்டுல உனக்குன்னு எடுத்து வச்சுக்க வேண்டியதுதானே?"

"வச்சிருக்கேன். ஒத்தையா உக்காந்து திங்க முடியலை. அம்மா போனதுலேர்ந்து சோறு எறங்க மாட்டேங்குது. மதகுல நின்னா நாலு பேரு போறாங்க, வராங்க. அங்க ஒரு வாய் எறங்குது." கொஞ்சம் நிறுத்தி, "பொய் சொன்னது தப்புதான்" என்றாள்.

ஒருவரும் ‘உம்’ என்று சொல்லவில்லை. நான்தான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இத்தனை பேர் முன்னால் அந்தப் பெண்ணை நிறுத்தியவன் நான். வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"ஆனா அது நல்ல பூதம்தாங்க!"

யாரோ வெடித்துச் சிரித்தார்கள். மேஸ்திரி எழுந்தார். அவ்வளவுதான், நான் ஓடிவிட்டேன். "டேய், கதையை முடிச்சுட்டுப் போடா!" என்று அஞ்சலை அக்கா பின்னால் கத்தினாள்.

காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம், அம்மா மண்டபப் படித்துறையில் போய்த்தான் நின்றேன். கையில் பாதி சுற்றிய சுருட்டு. கீழ்ப்படியில் உட்கார்ந்து, கதையை முடித்துவிடலாமென்று தண்ணீரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘உம்’மும் நானே கொட்டிக்கொண்டேன். ஸ்நானம் பண்ணிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் திரும்பினார்.

"யாரோட பேசிண்டிருக்கே?"

"யாருமில்லைங்க."

"பெருமாள் இருக்கார்டா. ஆனா கொஞ்சம் மெதுவா பேசு, நேக்கு மந்திரம் தப்பறது."

திரும்பிப் போகத் தைரியமில்லை. அந்தக் கரையிலேயே ஒரு மரவாடியில் மூங்கில் சுமந்தேன். (அங்கிருந்து நான் எப்படி மேலே வந்தேன் என்பதை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.) மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் என் முதுகில் ஒரு அறை விழுந்தது. அஞ்சலை அக்கா.

"ஏண்டா ஓடுன? அவரு உன்னை அடிக்கவா எந்திரிச்சாரு? பொண்ணு கையில இருந்த சட்டியை வாங்கி, ‘வா, ரெண்டு பேரும் திம்போம்’னு அங்கயே உக்காந்துட்டாரு மனுசன். அதுக்கப்புறம் தெனம் மத்தியானம் வீட்டுக்குப் போயி மககூடத்தான் சாப்பிட்டாரு. உன் பரணை ஒரு வாரம் அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தாரு."

"தைலம்மை?"

"நீயும் வருவ வருவன்னு பாத்தாரு. ஐப்பசியில கட்டிக் குடுத்துட்டாரு."

எந்த ஊரில் என்று கேட்பதற்குள் கூட்டம் அக்காவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. (சத்தமா கேட்டிருக்கலாம். கேக்கலை.)

இதையெல்லாம் கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் பிள்ளைகளிடம் சொன்னாள். பிள்ளைகள் பேரன் பேத்திகளிடம். இன்றைக்கு எங்கள் வீட்டில் யார் பேச்சைப் பாதியில் நிறுத்தினாலும், சினிமா நடுவில் கரண்ட் போனாலும், ஒரு வாண்டு "அப்புறம்?" என்று கேட்கும். வீடே சேர்ந்து கத்தும்: "அப்புறம் தாத்தா ஓடிட்டாரு!" எல்லோரையும் விட என் மனைவிதான் உரக்கச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

செண்பகநாச்சி அப்புறம் என்ன ஆனாள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல எனக்கும் தெரியாது.